ஒரு போல்ட்டுக்குள் மூன்று யானை! உங்களுக்குத் தெரியுமா?

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் ஒரு தறி வீட்டுக்குள் எட்டிப் பாருங்கள். நாடா இன்னும் ஓடவில்லை. ஊடை ஓர் இழைகூட விழவில்லை. ஆனால் பாவு மட்டும் விறைத்து நிற்கிறது! வேலை தொடங்கும் முன்பே இழுப்பு ஏறிவிட்டது. உங்கள் கார் சக்கரத்து போல்ட்டும் அச்சு அசல் இதே வித்தையைத்தான் செய்கிறது!

போல்ட் என்றால் மரை போட்ட ஆணி என்றுதானே நினைத்திருந்தீர்கள்? இல்லவே இல்லை! அது இழுத்துக் கட்டிய நூல். நட்டை முறுக்க முறுக்க போல்ட் நீளுகிறது. நீண்டது சுருங்கப் பார்க்கிறது. அந்தச் சுருங்கும் ஆசையில்தான் இரண்டு தட்டும் ஒன்றையொன்று விடாமல் பிடித்துக்கொள்கின்றன. பட்டறையில் இதற்குப் பெயர் பிரீலோட்!

எவ்வளவு விசை என்று கேட்டால் மயங்கி விழாதீர்கள். கட்டைவிரல் பருமனுள்ள 20 மில்லிமீட்டர் போல்ட், 8.8 தரம். நம் நாட்டு எஃகுக் கட்டுமான விதிநூல் ஐ.எஸ். 800 சொல்லும் கணக்குப்படி முறுக்கினால் உள்ளே ஏறும் இழுவிசை சுமார் 14 டன்! பெரிய ஆண் யானை மூன்றை அதில் கட்டித் தொங்கவிடலாம்!

அவ்வளவு விசைக்கு அந்த போல்ட் எவ்வளவு நீளும்? தலைக்கும் நட்டுக்கும் நடுவே 100 மில்லிமீட்டர் இருந்தால், வெறும் 0.28 மில்லிமீட்டர். உங்கள் தலைமுடி நான்கைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்த அகலம். மூன்று யானை, நான்கு முடி!

சின்ன கார் ஒன்றுக்குச் சக்கரத்தில் நான்கு நட்டு. ஒவ்வொன்றும் 12 மில்லிமீட்டர், ஒவ்வொன்றுக்கும் 110 நியூட்டன் மீட்டர் முறுக்கு என்று வைத்துக்கொள்வோம். சக்கரத்தை ஹப்போடு அழுத்திப் பிடிக்கும் மொத்த விசை ஏறத்தாழ 18 டன்! காரின் மொத்த எடையே ஒரு டன் சொச்சம்தான்!

அப்படியானால் சக்கரத்தைத் தாங்குவது போல்ட் தண்டு இல்லையா? இல்லை! தாங்குவது உராய்வு. அழுத்தம் இருக்கும்வரை சக்கரம் தண்டில் சாய்வதே கிடையாது. தண்டில் சாய்ந்துவிட்டது என்றால் நட்டு ஏற்கெனவே தளர்ந்துவிட்டது என்று பொருள்!

நீங்கள் மூச்சுப் பிடித்து முறுக்குகிறீர்களே, அந்த உழைப்பு எங்கே போகிறது தெரியுமா? நூறு ரூபாய் உழைப்பில் 50 ரூபாய் நட்டுக்கு அடியில் உரசியே கரைகிறது. 40 ரூபாயை மரை தின்றுவிடுகிறது. போல்ட்டை நீட்டப் பயன்படுவது மிச்சமிருக்கும் 10 ரூபாய்!

இதைவிட வேடிக்கை ஒன்று. மரையில் எண்ணெய் தடவிவிட்டு அதே அளவு முறுக்கிப் பாருங்கள். உரசல் குறையும், 10 ரூபாய் 15 ஆகும், போல்ட் இழுவிசை எகிறும். ஸ்பேனர் காட்டும் எண் மட்டும் மாறவே மாறாது!

முறுக்கை அளந்து காட்டும் அந்த ஸ்பேனர்தான் டார்க் ரெஞ்ச். அது பொய் சொல்லும்! நாசா தன் விண்வெளி ஓடத்துக்கு எழுதிய போல்ட் விதிமுறையில் பச்சையாகவே போட்டிருக்கிறது: எண்ணெய் தடவாத போல்ட்டை டார்க் ரெஞ்சால் முறுக்கினால் பிரீலோட் 35 சதவீதம் கூடவோ குறையவோ இருக்கலாம். எண்ணெய் தடவினால் 25 சதவீதம். ராக்கெட்டுக்கே இந்தக் கதி!

இப்போது காஞ்சிபுரம் திருப்பத்துக்கு வாருங்கள். பெங்களூரு நெடுஞ்சாலை ஓரம் ஒரு பஞ்சர் கடை. பையனுக்குப் பதினெட்டு வயது இருக்கும். ஸ்பேனரில் குழாயைச் செருகி, அதன் மேல் ஏறி நின்று ஒரு குதி குதித்தான். "இனிமே கழலாதுண்ணே!" அவன் எடை 50 கிலோ, குழாய் 40 சென்டிமீட்டர். நான் கைப்பேசியில் பெருக்கிப் பார்த்தேன். குதிக்காமல் சும்மா நின்றாலே 196 நியூட்டன் மீட்டர்! வேண்டியது 110!

ஆனால் அதே பையன் ஒன்றைச் சரியாகச் செய்தான். பக்கத்துப் பக்கத்து நட்டை முறுக்கவில்லை. எதிரும் புதிருமாக, மேலே ஒன்று, கீழே ஒன்று, இடம், வலம். ஏன் தெரியுமா? ஒரு நட்டை இறுக்கினால் பக்கத்து நட்டு தளர்கிறது! தட்டு இன்னும் கொஞ்சம் அமுங்குகிறது, ஏற்கெனவே இறுக்கிய போல்ட்டின் நீட்சி குறைகிறது. இறுக்கியதாலேயே தளரும் போல்ட்!

கணினிக்கு இந்த வம்பே இல்லை. கணினிக்குள் ஒரு காரின் எஞ்சினையோ ஒரு பாலத்தின் இணைப்பையோ வரைந்துவிட்டு, எல்லா போல்ட்டையும் ஒரே நொடியில், ஒரே அளவாக இறுக்கிவிடலாம். எந்த மெக்கானிக்குக்கும் அத்தனை கை கிடையாது! அதனாலேயே கணினி விடை கொஞ்சம் அதிகமாக அழகாக இருக்கும்.

ஃபைனைட் எலிமென்ட்! ஒரு பொருளைக் கணினிக்குள் லட்சம் துண்டாக நறுக்கி, ஒவ்வொரு துண்டும் எப்படி வளைகிறது என்று கணக்குப் போடும் முறை. 1956-ல் போயிங் விமான இறக்கையை வைத்து டர்னர், கிளஃப், மார்ட்டின், டாப் ஆகிய நால்வர் வெளியிட்ட கட்டுரைதான் பெரிய திருப்பம். பெயர் மட்டும் நான்கு வருடம் கழித்து, 1960-ல்தான் வந்தது. வைத்தவர் ரே கிளஃப். குழந்தை நடக்க ஆரம்பித்த பிறகு பெயர்சூட்டு விழா!

இன்று உலகம் முழுக்க ஓடும் ஆன்சிஸ் மென்பொருளை ஜான் ஸ்வான்சன் 1970-ல் தொடங்கிய இடம் அவருடைய பண்ணை வீடு! இன்னொரு பெரிய மென்பொருளான அபாகஸ் பிறந்தது 1978-ல். அதன் பெயருக்குப் பின்னால் இருப்பது மணிச்சட்டம்! நம்மூரிலும் ஆள் இருக்கிறது. திருவனந்தபுரம் விக்ரம் சாராபாய் விண்வெளி மையம் சொந்தமாக எழுதிய மென்பொருளுக்குப் பெயர் ஃபீஸ்ட். தமிழில் சொன்னால் விருந்து!

சரி, ஸ்பேனரே இல்லாத கணினி போல்ட்டை எப்படி இறுக்கும்? மூச்சை இழுத்துக்கொள்ளுங்கள். போல்ட்டை நடுவில் வெட்டுகிறது! இரண்டு துண்டையும் ஒன்றுக்குள் ஒன்று புகுமாறு இழுக்கிறது. வேண்டிய 14 டன் வந்ததும் அந்த நிலையிலேயே பூட்டிவிடுகிறது. வெளியே பார்த்தால் போல்ட் முழுசு!

பூட்டுவதுதான் முக்கியம். முதல் படியில் இறுக்கு, இரண்டாம் படியில் பூட்டு, மூன்றாம் படியில்தான் வெளிச்சுமை. இரண்டாம் படியை மறந்துவிட்டால் வேடிக்கையைப் பாருங்கள். மேலே ஒரு டன் வைத்தாலும் நூறு டன் வைத்தாலும் போல்ட்டில் 14 டன்தான் காட்டும், ஓர் இம்மி மாறாது! ரிப்போர்ட் பளபளவென்று இருக்கும். அத்தனையும் பொய்!

வெட்டுக்குத்து வேண்டாம் என்பவர்களுக்கு இன்னொரு குறுக்கு வழி: போல்ட்டைக் குளிர வைப்பது! கணினிக்குள் போல்ட்டின் வெப்பநிலையை மட்டும் குறைத்தால் அது சுருங்கும், தலையும் நட்டும் தட்டைக் கவ்விக்கொள்ளும். ஒரு டிகிரி குளிருக்கு எஃகில் 2.4 மெகாபாஸ்கல் இழுவிசை. நம் மூன்று யானை போல்ட்டுக்கு வேண்டியது 560. வகுத்துப் பாருங்கள். தட்டு துளிகூட அமுங்காது என்று வைத்தாலே 233 டிகிரி குளிர்விக்க வேண்டும்! காஞ்சிபுரத்து வெயில் 35-ல் தொடங்கினால் மைனஸ் 198-ல் போய் நிற்கும். திரவ நைட்ரஜனே மைனஸ் 196-ல் கொதித்துவிடும்!

இந்தக் குளிர் வித்தை கணினிக்காரர்கள் கண்டுபிடித்தது என்று நினைக்காதீர்கள். மாட்டு வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை போடுவதைப் பார்த்தவர்கள் கை தூக்குங்கள்! பட்டையைச் சக்கரத்தைவிடச் சிறியதாகச் செய்து, வறட்டித் தீயில் பழுக்கக் காய்ச்சி, சக்கரத்தில் மாட்டி, உடனே தண்ணீர் ஊற்றுவார்கள். புஸ்ஸென்று ஆவி கிளம்பும். பட்டை சுருங்கும். மரத்துண்டுகள் கிறீச்சிட்டு ஒன்றோடொன்று நெருங்கும். கொல்லர் தெரு பிரீலோட்! கணினிக்கு முந்தியது, மின்சாரத்துக்கும் முந்தியது!

ரிவெட்டும் அதே கதைதான். சிவக்கக் காய்ச்சி அடித்த ரிவெட் ஆறும்போது சுருங்கித் தட்டுகளைத் தானே இறுக்கும். ஈஃபிள் கோபுரத்தில் 18,038 இரும்புத் துண்டுகள், 25 லட்சம் ரிவெட்டுகள்! கல்கத்தாவின் ஹவுரா பாலம் 1943-ல் திறந்தது. 26,500 டன் எஃகு. அதைக் கட்டியவர்கள் நட்டையும் போல்ட்டையும் தொடவே இல்லை!

இப்போது காஞ்சிபுரத்துக்காரர்கள் நிறையப் பேருக்கே தெரியாத ஒரு விஷயம். பட்டுக்கும் கோயிலுக்கும் பெயர்போன இந்த ஊரில் மின்கோபுரங்களைப் பிடித்து இழுத்து முறிக்கும் இடம் ஒன்று இருக்கிறது! எல் அண்ட் டி நிறுவனத்தின் மின்கோபுரச் சோதனைத் தளம். வயல்வெளியில் நிற்கும் உயர் அழுத்த மின்கோபுரத்தை, பொம்மை அல்ல, முழு அளவில் நட்டு போல்ட்டோடு அப்படியே நிறுத்திச் சோதிக்கிறார்கள்!

புயல் காற்றுக்கு என்ன செய்வார்கள்? பெரிய மின்விசிறியா? கிடையாது! கோபுரத்தின் கைகளிலும் உச்சியிலும் கம்பிவடம் கட்டி, வின்ச் வைத்து இழுப்பார்கள். காற்று, கம்பியின் எடை, திடீரென்று கம்பி அறுந்தால் வரும் ஒருபக்க இழுப்பு, எல்லாமே கம்பிவடம்தான். மேடையில் சூறாவளியை நூல் கட்டி ஆட்டும் பொம்மலாட்டம்!

அதுவும் எடுத்தவுடன் முழு வேகம் இல்லை. முதலில் 50 சதவீதம். நிறுத்தி மூச்சு. பிறகு 75. பிறகு 90. பிறகு 95. கடைசியாக 100. ஒவ்வொரு படியிலும் கோபுரத்தின் தலை எவ்வளவு சாய்ந்தது என்று அளப்பார்கள். 100-ல் நின்றுவிட்டால் கோபுரம் பாஸ்!

பாஸான பிறகும் விடமாட்டார்கள். வாடிக்கையாளர் கேட்டால் முறியும்வரை இழுப்பார்கள்! பத்தாம் வகுப்பில் நூற்றுக்கு நூறு வாங்கியவனை 'எங்கே, எதில் ஃபெயிலாவாய் என்று பார்க்கலாம் வா' என்று மறுபடி உட்கார வைப்பது மாதிரி!

இங்கேதான் போல்ட் தன் வேலையைக் காட்டுகிறது. கணினி கோபுரத்தின் தலை இவ்வளவு சாயும் என்று ஓர் எண் சொல்லும். நிஜக் கோபுரம் அதைவிட அதிகமாகச் சாயும்! காரணம், 16 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு 17.5 மில்லிமீட்டர் துளை. மின்கோபுர போல்ட்டுகள் நம் 14 டன்காரர் மாதிரி உராய்வை நம்பி நிற்பவை அல்ல. சாதாரணமாக இறுக்கியவை. சுமை ஏறியதும் ஒவ்வொரு மூட்டும் துளைக்குள் டக்கென்று நழுவும். ஆயிரக்கணக்கான மூட்டுகளில் ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டர் நழுவினால் உச்சியில் கூட்டிப் பாருங்கள்!

பயப்படாதீர்கள். சாய்வு கூடுமே தவிர, கோபுரத்தின் கடைசித் தாங்குதிறன் பெரிதாகக் குறையாது என்றுதான் இந்த நழுவலைக் கணக்கில் சேர்த்துப் பார்த்தவர்கள் கண்டார்கள். ஆடும், விழாது! கோபுரத்துக்குக் கொஞ்சம் சோம்பல் முறிக்கும் பழக்கம், அவ்வளவுதான்.

மின்கோபுர போல்ட்டுக்கு இந்தியாவில் புயலைவிடப் பெரிய எதிரி யார் தெரியுமா? பழைய இரும்புக் கடை! அதனால் கோபுரத்தின் கீழ்ப்பகுதியில் மட்டும் ஒருமுறை மாட்டினால் கழற்றவே முடியாத களவுத்தடை நட்டுகளைப் போடுகிறார்கள். இந்தத் திருடனை மாடல் செய்ய எந்த மென்பொருளிலும் பொத்தான் இல்லை!

சென்னை தரமணியில் இருக்கும் மத்திய அரசின் கட்டமைப்புப் பொறியியல் ஆராய்ச்சி மையமும் இதே கோபுரம் இழுக்கும் விளையாட்டில் புலி.  காஞ்சிபுரம் ஒன்று, சென்னை ஒன்று. தமிழ்நாட்டுக்கு இரண்டு!

   

மறுபடி கணினிக்குள் போவோம். அங்கே இரும்புக்குள் இரும்பு புகும்! இரண்டு தட்டு தொடுகின்றன என்று கணினிக்குச் சொன்னால், அது ஒன்றை மற்றொன்றுக்குள் கண்ணுக்குத் தெரியாத அளவு புகவிட்டு, புகுந்த ஆழத்தை வைத்துத்தான் அழுத்தத்தைக் கணக்கிடுகிறது. பேய்க்கதை இல்லை, தினசரி கணக்கு!

இறுக்காத தட்டு கணினிக்குள் பறந்து போய்விடும்! நிஜத்தில் மேஜை மேல் கிடக்கும். கணினியில் மேஜை இல்லை, எதுவும் தொடவில்லை, பிடிமானம் இல்லை. சின்னதாக ஒரு தள்ளு தள்ளினால் முடிவிலி நோக்கிப் பயணம்! இரவெல்லாம் கணினியை ஓடவிட்டுக் காலையில் டீயோடு வந்து உட்காரும் இன்ஜினீயர் 'கன்வர்ஜ் ஆகலை' (கணக்கு ஒரு விடையில் வந்து நிற்கவில்லை) என்ற சிவப்பு எழுத்தைப் பார்த்து நெற்றியில் அடித்துக்கொள்வது பாதி நாள் இதற்காகத்தான்.

'அவனுக்கு மரை கழண்டுடுச்சு' என்று கிண்டல் செய்கிறோமே! கணினிக்குள் இருக்கும் போல்ட்டுகளில் முக்கால்வாசிக்கு மரையே கிடையாது! மொட்டைத் தண்டை நட்டோடு ஒட்டிவிடுவார்கள். மரையை வரைந்தால் ஒரே போல்ட்டுக்கு லட்சக்கணக்கில் துண்டு வெட்ட வேண்டும். ஐம்பது போல்ட் இருந்தால் கணினிக்கே மரை கழண்டுவிடும்!

ஆனால் மரையை விட்டுவிட்டால் ஒரு ரகசியம் தப்பிவிடும். நட்டுக்குள் ஆறேழு சுற்று மரை இருந்தாலும் எல்லாம் சமமாகச் சுமப்பதில்லை. தட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் முதல் சுற்று மட்டும் மொத்தச் சுமையில் மூன்றில் ஒரு பங்கைத் தாங்குகிறது! கூட்டுக் குடும்பத்தில் மூத்த அண்ணன் கதை. போல்ட் பெரும்பாலும் முறிவதும் அங்கேதான்!

போல்ட் கணக்குக்கென்றே ஜெர்மன்காரர்கள் ஒரு வேதம் எழுதி வைத்திருக்கிறார்கள். பெயர் வி.டி.ஐ. 2230. முதல் பதிப்பு 1977. அதன் இரண்டாம் பாகத்தில் கணினி மாடலுக்கு நான்கு வகுப்பு. முதல் வகுப்பில் போல்ட்டே கிடையாது. இரண்டாவதில் வெறும் கோடு. மூன்றாவதில் மொட்டைத் தண்டு. நான்காவதில்தான் மரையோடு முழு அலங்காரம். எல்.கே.ஜி.யிலிருந்து கல்லூரிவரை ஒரே போல்ட்!

அந்த 'வெறும் கோடு' போல்ட்டைத் தட்டோடு பிணைக்கத் துளையைச் சுற்றிக் கால்கால்களாகக் கோடு இழுப்பார்கள். சென்னை அலுவலகங்களில் இதைச் செல்லமாகக் கூப்பிடும் பெயர் ஸ்பைடர். ஒரு கார் பாடியில் ஆயிரம் சிலந்தி!

காஞ்சிபுரத்துக் கோர்வைக்கும் இந்த வேலைக்கும் ஒரு ஒற்றுமை. சேலையின் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டின் ஊடையும் சந்திக்கிற கோட்டில் ஒன்றோடொன்று கொக்கி போட்டுக்கொள்ளும். அதற்கு மூன்று நாடா, பக்கத்தில் கை கொடுக்க இன்னோர் ஆள். கணினியிலும் பொடித்துண்டுகளாக வெட்டிய போல்ட்டும் பெருந்துண்டுகளாக வெட்டிய தட்டும் சந்திக்கும் கோட்டில் துண்டுகள் மூலைக்கு மூலை பொருந்தா. அங்கே ஒரு கோர்வை போட்டால்தான் கணக்கு நகரும். அதைச் சரியாகப் போடாத மாடலில் அழுத்தம் ஓட்டை ஓட்டையாகத் தெரியும். கோர்வை பிசகிய சேலையைக் கடைக்காரர் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டுவது மாதிரி!

முந்தியை உடலோடு சேர்ப்பது இன்னும் ஒருபடி மேல். பேட்னி! பாவின் ஒவ்வோர் இழையையும் புது நிற இழையோடு தனித்தனியாகப் பின்னுவார்கள். ஆயிரக்கணக்கில் மூட்டு! காஞ்சிப் பட்டு கிழிந்தாலும் முந்தி தனியே கழன்று வராது என்று நெசவாளர்கள் மார்தட்டுவது இதை வைத்துத்தான்!

இரண்டு எஃகுத் தட்டை போல்ட் போடும் முன் நன்றாகப் பெயின்ட் அடித்துவிடலாமா? அடித்துக் கெடுத்துவிடாதீர்கள்! மணல் போன்ற துகளை வீசிச் சொரசொரப்பாக்கிய பரப்புக்கு ஐ.எஸ். 800 கொடுக்கும் உராய்வு எண் 0.5. சிவப்பு ஈயப் பெயின்ட் அடித்த பரப்புக்கு 0.1! அதே 14 டன் போல்ட். பாதுகாப்புக் கழிவுக்கு முன், சொரசொரப்பில் 7 டன் வரை நழுவாது. பெயின்டில் 1.4 டன்னிலேயே வழுக்கும்! அழகு ஐந்தில் நாலு பங்கைத் தின்றுவிட்டது!

ஒரு நல்ல இணைப்பைப் பிரிக்க 100 கிலோ விசையால் இழுக்கிறீர்கள். போல்ட்டுக்குக் கூடுதலாகப் போவது எவ்வளவு? தட்டுகள் போல்ட்டைவிட நான்கு மடங்கு விறைப்பாக இருந்தால் வெறும் 20 கிலோ! மீதி 80 கிலோ, தட்டுகளின் அழுத்தத்தைத் தளர்த்துவதிலேயே தீர்ந்துவிடும். இறுக்கமாக இருக்கும் போல்ட்தான் நிம்மதியாக வாழ்கிறது!

குட்டை போல்ட் பலமா, நெட்டை போல்ட் பலமா? குட்டைதான் என்பீர்கள். தப்பு! இறுக்கிய பிறகு பரப்பின் மேடுபள்ளம் நசுங்கி ஒரு நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் அமுங்கியது என்று வையுங்கள். 100 மில்லிமீட்டர் போல்ட் இழப்பது அதிகபட்சம் மூன்றரை சதவீதம். 20 மில்லிமீட்டர் குட்டையன் இழக்கக்கூடியது 18 சதவீதம்வரை! நெட்டையன் நீண்டு கொடுத்து நிற்கிறான்.

ஸ்பிரிங் வாஷர் போட்டால் நட்டு கழலாது என்று சத்தியம் செய்யும் மெக்கானிக் அண்ணன்களே, உட்கார்ந்து கேளுங்கள். நாசாவின் 1990-ஆம் வருடத்து போல்ட் கையேடு, பூட்டும் வேலைக்கு அது உதவாது என்று எழுதியே வைத்துவிட்டது! இறுக்கியதும் தட்டையாகப் படுத்துவிடும். அப்புறம் அது சாதாரண வாஷர். விலைதான் கூட!

பிறகு நட்டு ஏன் கழல்கிறது? மேலும் கீழும் ஆடுவதால் அல்ல, பக்கவாட்டில் நழுவுவதால்! 1969-ல் இதை நிரூபித்தவர் ஜெர்மனியின் கெர்ஹார்ட் யுங்கர். அவர் இயந்திரத்தில் போட்டு ஆட்டினால், நல்லா இறுக்கிய நட்டுகூட கை படாமல் தானாகவே சுற்றிக் கழன்று வரும்!

ஒரு வண்டி கூட ஓடாத பாலத்தில் 32 ராடுகள் முறிந்தன! 2013 மார்ச், சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பாலத்தின் புதிய கிழக்குப் பகுதி. மூன்று அங்குலப் பருமன் ராடுகள் 96-ஐ இறுக்கினார்கள். சில நாளிலேயே மூன்றில் ஒரு பங்கு படார் படாரென்று உடைந்தது. எஃகுக்குள் புகுந்த ஹைட்ரஜனும், இறுக்கிய பிரீலோடும் சேர்ந்த கூத்து. அந்தப் பகுதி திறந்ததோ செப்டம்பரில்!

0.66 மில்லிமீட்டர்! 1990 ஜூன் 10, பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் 5390. முதல் நாள் அதிகாலை மாற்றிய முன்கண்ணாடியின் 90 போல்ட்டுகளில் 84, வேண்டியதைவிட அவ்வளவு ஒல்லி. மீதி 6-ம் 2.5 மில்லிமீட்டர் குட்டை. 17,300 அடி உயரத்தில் கண்ணாடி பிய்ந்தது, கேப்டன் பாதி உடம்பு வெளியே! ஊழியர்கள் காலைப் பிடித்துக்கொண்டார்கள். அவர் பிழைத்தார், எல்லோரும் பிழைத்தார்கள்!

எல்லாக் கதையும் அப்படி முடிவதில்லை. 2009 ஆகஸ்ட் 17, ரஷ்யாவின் சயானோ சுஷென்ஸ்கயா நீர்மின் நிலையம். இரண்டாம் எண் டர்பைனின் மூடி பெயர்ந்தது. 75 பேர் இறந்தார்கள். மூடியை இறுக்கிய ஸ்டட்களில் (தலையில்லா போல்ட்டுகள்) கிடைத்தவை 49; அவற்றில் 41-ல் களைப்பு விரிசல்.

மறுபடி ஊருக்கு. வரதராஜப் பெருமாள் கோயில் நூற்றுக்கால் மண்டபத்தில் தூண்களை எண்ணியிருக்கிறீர்களா? 96! மூலையில் தொங்கும் கல் சங்கிலியைப் பார்த்திருப்பீர்கள். ஒட்டு இல்லை, போல்ட் இல்லை, ஒரே கல்லில் செதுக்கிய வளையங்கள். ஃபைனைட் எலிமென்ட்காரர்கள் கனவு காணும் மூட்டு, மூட்டே இல்லாத மூட்டு!

அந்த மண்டபத்துத் தூணின் மேல் உத்தரம், உத்தரத்தின் மேல் கூரைக்கல். கல்லின் எடையே அழுத்தம், அழுத்தமே உராய்வு, உராய்வே பிடிமானம். போல்ட் இல்லாத பிரீலோட்! நானூறு ஐந்நூறு வருடமாக ஒருவரும் ஸ்பேனர் எடுத்துப் போய் இறுக்கவில்லை!

  

மிருதங்க வித்வான் கச்சேரிக்கு முன் கல்லால் ஓரத்தைத் தட்டுகிறாரே, அது என்ன? வாரின் பிரீலோடைச் சரிசெய்கிறார்! அவரிடம் டார்க் ரெஞ்ச் இல்லை. காதுதான் அளவுகோல்.

பிள்ளையார்பாளையத்து நெசவாளரிடமும் அதே அளவுகோல்தான். உட்காரும் முன் பாவை விரலால் ஒரு சுண்டு சுண்டினார். டொய்ங்! தலையை ஆட்டினார். இன்னும் கொஞ்சம் இழுத்துக் கட்டினார். மறுபடி டொய்ங். இப்போது சுதி ஏறியிருந்தது, உட்கார்ந்துவிட்டார்.

இன்றைய பொறியாளரும் போல்ட்டை இதே மாதிரி சுண்டித்தான் பார்க்கிறார்! தலையில் ஒரு சின்ன கருவியை வைத்து, காதுக்கு எட்டாத ஒலியை உள்ளே அனுப்புவார். அது மறுமுனையில் மோதித் திரும்பும். போல்ட் நீண்டிருந்தால் திரும்ப ஒரு துளி தாமதம். டார்க் ரெஞ்சின் 35 சதவீதப் பிழை இங்கே 10 ஆகச் சுருங்குகிறது. 100 மில்லிமீட்டர் போல்ட்டில் அந்த ஒலி போய்வர எவ்வளவு நேரம்? ஒரு விநாடியைப் பத்து லட்சம் கூறு போடுங்கள். அதில் வெறும் 34!